கால்வாயில் உட்கார்ந்திருந்தவர்

“வீ...ல்ல்ல்!”

2006 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்கால். வெம்பிளிக்குப் பக்கத்தில், ஆல்பர்ட்டன் கால்வாய்க் கரையில் அந்த அலறல் எழுந்தது.

அலறியவர், நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி.

நாய் குரைக்கவே இல்லை. அதற்கு மோப்பம் தெரியும்!

தண்ணீரில் ஒரு மனிதர் மிதந்துகொண்டிருந்தார்.

பிணங்கள் குப்புற மிதக்கும். சில மல்லாந்து மிதக்கும். இவர் உட்கார்ந்தபடி மிதந்தார்! முழங்கால்கள் மடங்கி, கைகள் இரண்டும் இல்லாத ஒரு கதிரையின் கைப்பிடிகளில் படிந்து... டொக்டரைப் பார்க்கத் தன் முறை வரட்டும் என்று காத்திருப்பவர் போல.

முதுகில், பிடரிக்கு ஒரு சாண் கீழே, ஒரு சமையலறைக் கத்தி.

பிடிவரை இறங்கியிருந்தது!

பத்தே நிமிடம். மூன்று பொலிஸ் கார்கள். கரையோரப் பாதைக்குக் குறுக்கே நீலமும் வெள்ளையுமாய் நாடா. ஒரு வெள்ளைக் கூடாரம். படகில் இரண்டு பேர் போய், ஆளைக் கவனமாக, மரியாதையாகக் கரைசேர்த்தார்கள்.

பொலிஸ் மருத்துவர் முழந்தாளிட்டார். கண் இமையைத் தூக்கப் பார்த்தார்.

இமை வரவில்லை.

கன்னத்தைக் கிள்ளினார். காதை இழுத்தார். காது ரப்பர் மாதிரி நீண்டு, ‘டப்’பென்று திரும்பிப் போனது!

“எப்போது இறந்தார் டொக்டர்?” என்று கேட்டாள் டிடெக்டிவ் சார்ஜன்ட் இசபெல்.

மருத்துவர் கையுறையைக் கழற்றினார்.

“இறக்கவே இல்லை. பிறந்திருந்தால்தானே இறப்பதற்கு! இது சிலிக்கோன் பொம்மை.”

கூடாரத்துக்குள் ஒரு கொன்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான்.

இசபெல் சிரிக்கவில்லை.

வயது முப்பத்தொன்று. லண்டனில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள். பெயரைக் கேட்டு அவளை ஸ்பெயின்காரி என்று நினைப்பவர்கள், அவள் தாயோடு தொலைபேசியில் சண்டை பிடிப்பதைக் கேட்டதும் திருந்திவிடுவார்கள்.

அவளுடைய மேலதிகாரி போனில் வாய்விட்டுச் சிரித்தார்.

“பொம்மைக் கொலையா? குப்பையில் போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு வா இசபெல்!”

“சேர், கத்தியின் முனை உள்ளே இருக்கும் இரும்புக் குழாயில் இடித்து வளைந்திருக்கிறது. விளையாட்டுக்குக் குத்துகிறவன் இப்படிக் குத்தமாட்டான். பொம்மை பொய். ஆனால் கத்தி நிஜம். குத்திய கோபம் அதைவிட நிஜம். நாளைக்கு அந்தக் கோபத்துக்கு யாராவது உயிருள்ள ஆள் கிடைத்தால்?”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“நாளை மத்தியானம்வரை தருகிறேன். அதற்குப் பிறகு உனக்குக் கார்த் திருட்டு!”

அன்று பின்னேரம் கைரேகைப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். பொம்மையின் பத்து விரல்களிலும் ரேகைகள் அச்சொட்டாக இருக்கின்றனவே என்று, வேடிக்கைக்காக அவற்றை எடுத்துக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

கம்பியூட்டருக்கு வேடிக்கை தெரியாது. அது ஒரு பெயரைச் சொல்லிவிட்டது!

யாக்கோப்பு. வயது ஐம்பத்தாறு. 1993இல் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடுவரை விக்கெட் கட்டையால் அடித்த வழக்கு. வேலை செய்யும் இடம்... ஹவுன்ஸ்லோ!

* * *

சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

ஹவுன்ஸ்லோவில் அந்தப் பட்டறையின் கூரைக்குமேல் ஒரு விமானம் உரசுகிற மாதிரிப் போனது. அது போய் முடியும்வரை வாசலில் நின்றுவிட்டு, இசபெல் உள்ளே நுழைந்தாள்.

உள்ளே ஓர் உலகம்!

சேலைக் கடைக்கான ஆளுயர எழுத்துகள் சுவரில் சாய்ந்து நின்றன. கல்யாண மண்டபத்துக்கு இரண்டு வெள்ளை யானைகள், இன்னும் தந்தம் பொருத்தாமல். நடுவில் எட்டடி உயரத்தில் ஓர் இரும்பு முக்கோணக் கூடு. அதன்மேல் ஏறி நின்று வெல்டிங் செய்துகொண்டிருந்தார் ஒருவர். பொறி பறந்தது.

“எக்ஸ்கியூஸ் மீ! யாக்கோப்பு என்று ஒருவரைத் தேடி வந்தேன்!”

பொறி நின்றது. முகமூடி உயர்ந்தது. நரைத்த மீசை.

“நான்தான். சமோசா ஓடரோ?”

“சமோசாவா?”

“இதுதான் பிள்ளை. கடைக் கூரையில வைக்கிறதுக்கு. பைபர்கிளாஸ் பூசினால் அசல் சமோசா. சவுத்ஹோலுக்குப் போகுது.”

இசபெல் அடையாள அட்டையை நீட்டினாள். தமிழுக்கு மாறினாள்.

“அங்கிள், நேற்றுக் கால்வாயில ஒருத்தர் மிதந்தவர். முதுகில கத்தி. அவற்ர கைரேகையைப் பார்த்தா... அது உங்கட கைரேகை!”

யாக்கோப்பு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நான் செத்திட்டனா? செத்தும் சனிக்கிழமை ஓவர்டைம் செய்யிறன் பாருங்கோ! ஜெயகௌரி... இங்க ஒருக்கா வா! பொலிஸ் வந்திருக்கு. என்னைக் கொன்றுபோட்டாங்களாம்!”

யானைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் மெல்லிய தூரிகை. நாற்பது வயதிருக்கும். ஜெயகௌரி. பட்டறையின் சொந்தக்காரி. பாரிஸில் பதின்மூன்று வருடம் கடைப் பொம்மைகளுக்கு முகம் எழுதியவள். அந்த வேலை மெஷினுக்குப் போனதும் லண்டனுக்கு வந்து, தானே பட்டறை போட்டவள்.

இசபெல் போட்டோவைக் காட்டினாள்.

தூரிகை தரையில் விழுந்தது!

“இது... நான் செய்தது!”

“தெரியும் அக்கா. நல்லாத்தான் செய்திருக்கிறீங்க. எங்கட டொக்டரே கண்ணைத் திறந்து பார்க்கப் பார்த்தவர். இது யார்?”

“கனகலிங்கம் எண்டு ஒருத்தர். ஆல்பர்ட்டனில வீடு. அவற்ர மனுசி வந்து ஓடர் தந்தவ. தவநாயகி அக்கா. மனுசன்ர அறுபதாவது பிறந்தநாளுக்கு ஆளைப் போலவே ஒண்டு வேணும், கதிரையில இருக்கிற மாதிரி வேணும் எண்டு...”

“அந்தக் கைரேகை?”

“மூண்டு தரம் கேட்டனான். ‘அக்கா, ஆளை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கையை அச்செடுக்கக் கால் மணித்தியாலம் போதும்’ எண்டு. மூண்டு தரமும் ஏதோ ஒரு சாட்டு. ‘சர்ப்ரைஸ் தங்கச்சி, அவருக்குத் தெரியக்கூடாது.’ கடைசியில யாக்கோப்பு அண்ணையின்ர கையைத்தான் அச்செடுத்துப் போட்டனான்.”

“சும்மா இரு பிள்ளை, அழகான கை எண்டுதானே எடுத்தனி!” என்றார் யாக்கோப்பு, மேலே நின்றபடி.

ஜெயகௌரி சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

“ஆளை நீங்க ஒரு நாளும் பார்க்கேல்ல?” இசபெல்லின் குரல் தணிந்தது.

“இல்லை. ஒரு பழைய போட்டோ மட்டும். வானில கொண்டுபோய் இறக்கின அண்டைக்கும் ஆளைக் காணேல்ல.”

“எப்ப கொண்டுபோய்க் குடுத்தீங்க?”

“ஏப்ரல் கடைசி.”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கணவனைக் காட்டாத மனைவி. கதிரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்மைக் கணவன். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால், தெருவில் போகிறவர்கள் ‘கனகலிங்கம் வீட்டில் இருக்கிறார்’ என்றுதானே நினைப்பார்கள்?

அப்படியானால்... நிஜக் கனகலிங்கம் எங்கே?

ஜெயகௌரி போட்டோவைத் திரும்பப் பார்த்தாள். எத்தனை மாலைகள் அந்த முகத்தோடு இருந்திருக்கிறாள்! புருவத்து மயிரை ஒவ்வொன்றாக ஊசியால் நட்டிருக்கிறாள். ஒரு கொலையை மறைக்கவா அத்தனையும்?

“நானும் வாறன்,” என்றாள்.

“தேவையில்லை அக்கா. அட்ரஸ் போதும்.”

“ஓடர் தந்தது அவதான் எண்டு யார் அடையாளம் காட்டுறது? அந்த முகத்தை நான் செய்தனான். அதுக்குரிய ஆள் உயிரோட இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல், நான் அந்த யானைக்குக் கண் வரையவோ?”

இசபெல் ஒரு விநாடி யோசித்தாள்.

“ஏறுங்கோ!”

* * *

ஆல்பர்ட்டன். கால்வாயிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. மணியை அழுத்தினாள் இசபெல்.

கதவு நாலு விரற்கடை திறந்தது.

தவநாயகி. ஐம்பத்து மூன்று வயது. தோய்ந்த தலை. வீங்கிய கண்கள். அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறகு ஜெயகௌரியைப் பார்த்தாள். அடையாள அட்டையைவிட ஜெயகௌரியைப் பார்த்துத்தான் அதிகம் நடுங்கினாள்!

“ஆன்ரி, கனகலிங்கம் அங்கிள் இருக்கிறாரா?”

“இருக்கிறார்... மேல படுத்திருக்கிறார். அவருக்கு ஏலாது. பாரிசவாதம்.”

“ஒரு நிமிஷம் பார்த்திட்டுப் போறன்.”

“நித்திரை!”

“எழுப்ப மாட்டன்.”

இசபெல் படியேறினாள். தவநாயகி தடுக்கவில்லை. சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

மேலே இரண்டு அறைகள். இரண்டிலும் யாரும் இல்லை!

கீழே, முன்னறையில் ஜெயகௌரி ஜன்னலோரத்தில் நின்றாள். அங்கே ஒரு கதிரை. முதுகு தோள்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடும் பழைய கதிரை. கைப்பிடிகளில் மெல்லிய தேய்மானம். பக்கத்து முக்காலியில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளின் வட்டக் கறை.

இரண்டு!

“அக்கா,” என்றாள் ஜெயகௌரி மெதுவாக. “அவரை என்ன செய்தனீங்கள்?”



“நான் ஒண்டும் செய்யேல்லை...”

“உண்மையைச் சொல்லுங்கோ ஆன்ரி,” இசபெல் படியிறங்கிக்கொண்டே சொன்னாள். “மேல ஆள் இல்லை. உங்கட மனுசனின்ர பொம்மை முதுகில கத்தியோட கால்வாயில கிடந்தது. உங்கட மனுசன் எந்தக் கால்வாயில?”

“ஐயோ! அந்தாள் கால்வாயில இல்லை!”

“அப்ப எங்க?”

“சூரிச்சில இருந்தவர்!”

“என்னது?”

தவநாயகி தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தாள். இரண்டரை மாதமாகப் பூட்டி வைத்திருந்தது உடைந்தது.

“மாசி மாசம் கீபோர்ட் வகுப்புக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டார். ஐம்பத்தொன்பது வயசில கீபோர்ட்! நானும் பேசாமல் விட்டனான். ஏப்ரல் முதல் கிழமை பிரிட்ஜில ஒரு துண்டு. ‘நான் வேதவல்லியோட சூரிச்சுக்குப் போறன். தேட வேண்டாம். பால் முடிஞ்சுது.’ வேதவல்லி எண்டது அந்தக் கீபோர்ட் ரீச்சர்.”

“பால் முடிஞ்சுதா?” என்றாள் இசபெல், தன்னை மறந்து.

“ஓம். அதையும் எழுதியிருந்தவர்.”

ஜெயகௌரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப பொம்மை?”

“மகள் தக்ஷிகாவுக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. வாற மாசம். மாப்பிள்ளை வீட்டார் ஒஸ்லோவில. சரியான கட்டுப்பாடான ஆக்கள். தகப்பன் கீபோர்ட் ரீச்சரோட ஓடிட்டார் எண்டு தெரிஞ்சால் அடுத்த பிளேனில திரும்பிடுவினம். அதுதான்... பாரிசவாதம், கதைக்க ஏலாது எண்டு சொல்லி, அந்தக் கதிரையில...”

“அவை வந்து பார்த்தவையோ?”

“வாசலில நிண்டு ரெண்டு நிமிஷம் பார்த்தவை. ‘டொக்டர் கிட்டப் போகவேண்டாம் எண்டவர்’ எண்டு நான் சொல்லிப்போட்டன். தக்ஷிகா பக்கத்தில நிண்டு சீப்பால தலை இழுத்து விட்டவள். மாப்பிள்ளையின்ர தாய் கண் கலங்கிப் போனா. ‘எவ்வளவு அமைதியான மனுசன்! முகத்தில ஒரு களை!’ எண்டவ. இருபத்தெட்டு வருஷத்தில இந்த மனுசனைப் பற்றி ஒருத்தரும் அப்பிடி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை!”

யாரும் சிரிக்கவில்லை.

தவநாயகி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அதுக்குப் பிறகு... வேலையால வந்து ரெண்டு தேத்தண்ணி ஊத்துவன். ஒண்டை அங்க வைப்பன். அண்டைக்கு நடந்ததைச் சொல்லுவன். விசர் எண்டு நினைக்காதேங்கோ. பொம்மை எண்டு தெரியும். ஆனால் அது நான் கதைக்கேக்க ரீவியைக் கூட்டி வைக்கேல்லை. இடையில எழும்பிப் போகேல்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.”

ஜெயகௌரி அவள் கையைப் பிடித்தாள். தான் செய்த எந்தப் பொம்மையைப் பற்றியும் இப்படி ஒரு பாராட்டை அவள் கேட்டதில்லை.

“சரி ஆன்ரி,” இசபெல் பேனாவைத் திறந்தாள். “அப்ப அதுக்குக் குத்தினது யார்?”

தவநாயகி வாயைத் திறந்தாள்.

‘கிளிக்!’

முன்கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பியது.

மூன்று பெண்களும் திரும்பினார்கள்.

“தவம்! முருங்கைக்காய் என்ன விலை விக்கிறான் தெரியுமோ? சூரிச்சைவிட மோசம்...”

உள்ளே வந்தவர் நின்றார்.

ஜெயகௌரி மூச்சை உள்ளே இழுத்தாள். அதே மூக்கு. அதே நாடி. அவள் செதுக்கிய அதே முகம். ஆனால்... தலை மொட்டை! பளபளக்கும் முழு மொட்டை. இடுப்புக்குமேல் ஒரு பெரிய தொந்தி. மெலிந்து நீண்ட விரல்கள்.

கொலையுண்ட கனகலிங்கம், கையில் முருங்கைக்காய்ப் பையுடன், முழு உயிரோடு நின்றுகொண்டிருந்தார்!

“யாரிவை?”

“பொலிஸ்,” என்றாள் இசபெல். “உங்கட பொம்மை சம்பந்தமா.”

கனகலிங்கம் பையை வைத்தார். தயங்கவே இல்லை. சிரித்தார்!

“ஓ... அதுவோ! அதை நான்தான் எறிஞ்சனான். நேற்று விடியக் கவுன்சிலின்ர பச்சைக் குப்பைத் தொட்டிக்குள்ள வைச்சு உருட்டிக்கொண்டு போய்க் கால்வாயில தள்ளிப்போட்டன். மிதக்கும் எண்டு தெரியாது. குப்பை போட்டதுக்கு பைன் எண்டால் கட்டுறன். ஒரு வீட்டில ரெண்டு கனகலிங்கம் சரிவராது பாருங்கோ. நான் திரும்பி வந்திட்டன்!”

“வேதவல்லி வீட்டைவிட்டுக் கலைச்சுப்போட்டா,” என்றாள் தவநாயகி, சுவரைப் பார்த்து.

“நீ சும்மா இரு! இனி என்ர மகளின்ர கலியாணத்தை நானே முன்னுக்கு நிண்டு நடத்துவன். மாப்பிள்ளை வீட்டாரிட்ட இண்டைக்கே போன் எடுத்து, எனக்குப் பாரிசவாதமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை எண்டு சொல்லப்போறன். அந்தப் பொம்மைக் கதையையும் சொல்லிச் சிரிக்கப்போறன்!”

தவநாயகியின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்தது.

“கத்தி?” என்றாள் இசபெல். “அதையும் நீங்கதான் குத்தினீங்களா? பதில் சொல்ல முன்னம் ஒண்டு. நீங்க பேசவேணுமெண்டு கட்டாயம் இல்லை. பேசினா, அதைக் கோர்ட்டில சாட்சியா எடுக்கலாம்.”

சட்டம் சொன்ன வார்த்தைகளை ஆங்கிலத்திலும் ஒருமுறை முழுதாகச் சொன்னாள். கனகலிங்கம் ஈயைக் கலைப்பது போலக் கையை வீசினார்.

“பிள்ளை, நான் எண்பத்து நாலில இந்த நாட்டுக்கு வந்தனான். எனக்குச் சட்டம் படிப்பிக்காதை. வியாழக்கிழமை வந்தன். என்னைப்போல ஒரு பொம்மை இருந்தது. கோபம் வந்தது. குத்தினன். பொம்மையைக் குத்துறது குற்றமோ?”

இசபெல் பேனாவை மூடினாள்.

“பொம்மையெண்டு தெரிஞ்சு குத்தினீங்க எண்டால்... பெரிசா ஒண்டும் இல்லை. பொருள் சேதம். ஆன்ரி முறைப்பாடு குடுத்தா மட்டும்.”

“குடுக்க மாட்டாள்!” கனகலிங்கம் கதிரையில், தன் கதிரையில், சாய்ந்து உட்கார்ந்தார். “தவம், தேத்தண்ணி போடு.”

இசபெல் எழுந்தாள். ஜெயகௌரியும் எழுந்தாள். அவ்வளவுதான். விசாரணையே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது தவநாயகி பேசினாள். குரலில் நடுக்கம் இல்லை. வெகு சாதாரணமாக, ஊர்ப்புதினம் சொல்வது போல.

“ஓம் தங்கச்சி. அவருக்குப் பொம்மையெண்டு நல்லாத் தெரியும். அதுதான் குத்தினவர். உண்மையில ஒரு ஆம்பிளை இருந்திருந்தால் இவர் குத்துவாரோ? பின்கதவால ஓடியிருப்பார். இவருக்கு எங்க அந்தத் துணிவு!”

“என்னடி சொன்னனி?”

“உள்ளதைத்தானே சொன்னன். வீட்டில கரப்பான் பூச்சி வந்தாலும் நான்தான் அடிக்கிறது.”

ஜெயகௌரி சடாரென்று அவளைப் பார்த்தாள். தவநாயகியின் கண்ணில் ஏதோ ஒன்று மின்னி மறைந்தது.

கனகலிங்கம் குதித்தெழுந்தார். மொட்டைத் தலை சிவந்தது!

“எனக்கோ துணிவில்லை? நான் பின்கதவால வந்து பார்க்கேக்க நீ என்ன செய்துகொண்டிருந்தனி? எவனோ ஒருத்தனோட சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருந்தனி! என்ர கதிரையில! தேத்தண்ணியோட!”

“அது உங்கட பொம்மைதானே?” என்றாள் தவநாயகி அப்பாவியாக.

“பின்னால நிண்டு பார்த்த எனக்கு எப்பிடித் தெரியும்? தலை நிறையக் கறுத்த மயிர்! எனக்கு எங்கயடி தலையில மயிர் இருக்கு? கைப்பிடியில ஒரு தடியன்ர கை! உலக்கை மாதிரி விரல்! அது என்ர கையோ?”

“யாக்கோப்பு அண்ணையின்ர கை,” என்று முணுமுணுத்தாள் ஜெயகௌரி.

“பார்! யாரோ ஒரு யாக்கோப்பு! வேற ஒருத்தன் எண்டு நினைச்சுத்தான் குத்தினனான்! குசினிக்கை இருந்த பெரிய கத்தியைத் தேடி எடுத்து, அந்தாள் சாகட்டும் எண்டுதான் குத்தினனான்! ஒரே குத்து! முன்னுக்குப் போய்ப் பார்த்தால்தான் என்ர முகம். ஆனால் குத்தேக்கை ஆள் எண்டு நினைச்சுத்தான் குத்தினனான்! இப்ப சொல்லு... எனக்குத் துணிவில்லையோ?”



இசபெல்லின் பேனா எப்போது திரும்பவும் திறந்தது என்று யாருக்கும் தெரியாது. கடைசி வரியை எழுதி முடித்தாள். புள்ளி வைத்தாள்.

“கனகலிங்கம் அங்கிள், எழும்புங்கோ.”

“ஏன்?”

“கொலை முயற்சி. உங்களைக் கைது செய்யிறன்.”

கனகலிங்கம் சிரிக்க முயன்றார். பாதிதான் வந்தது.

“கொலையோ? செத்தது யார்? அது பொம்மை பிள்ளை! பஞ்சும் ரப்பரும்!”

“அதுதான் அங்கிள் பிரச்சினை. இந்த நாட்டில எண்பத்தொண்டாம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு. செய்து முடிக்கவே ஏலாத குற்றத்தைச் செய்யப் பார்த்தாலும் குற்றம்தான். அங்க இருந்தது என்ன எண்டு சட்டம் கேக்காது. நீங்க என்ன எண்டு நினைச்சுக் குத்தினீங்க எண்டுதான் கேக்கும். அதை இப்ப மூண்டு பேருக்கு முன்னால, மூண்டு தரம் சொல்லிட்டீங்க!”

‘கிளிங்!’

கைவிலங்கு விழுந்தது. மெலிந்த, நீண்ட விரல்களுள்ள, அசல் கனகலிங்கத்தின் கைகளில்!

“தவம்! சொல்லடி! நான் சும்மா சொன்னனான் எண்டு சொல்லடி!”

தவநாயகி முருங்கைக்காய்ப் பையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

* * *

காரின் பின்சீட்டில் கனகலிங்கத்தை ஏற்றிவிட்டு, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க இசபெல் திரும்பி வந்தாள். தவநாயகி இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தாள். ஓரிடத்தில் எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினாள். கையெழுத்திட்டாள்.

அந்தக் கையெழுத்துக்குக் கீழே அவள் எழுதிய தொழிலைப் பார்த்த இசபெல்லின் புருவம் ஏறியது.

“ஆன்ரி... நீங்க கிரவுண் கோர்ட்டில வேலையா?”

“ஓம் பிள்ளை. தமிழ் மொழிபெயர்ப்பாளர். பதினொரு வருஷம்.”

“அப்ப அந்தச் சட்டம்...”

“ரெண்டு வழக்குக்கு அதைத் தமிழில சொல்லியிருக்கிறன். ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான் போனவை.”

ஜெயகௌரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதுகளை நீங்க முதலே சொல்லியிருக்கலாம்!” என்றாள் இசபெல்.

“மற்றவை சொல்லுறதைச் சொல்லுறதுதான் பிள்ளை என்ர வேலை. நானாச் சொல்லக்கூடாது. அவரே சொல்லவேணும். அவர் சொல்லிட்டார்.”

 இசபெல் வாக்குமூலக் கோப்பினை மூடினாள். இந்த அறையில் தனக்குச் சட்டம் தெரியும் என்று பெருமை பேசியவர் ஒரே ஒருவர்தான். அவர் இப்போது காரில் இருக்கிறார்.

வாசல்வரை வந்த தவநாயகி, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, முதல் முறையாகக் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

“பிள்ளை... வாற மாசம் கலியாணம். ஒஸ்லோக்காரர் எல்லாரும் வருவினம். அதுக்கு முதல் அவரை விட்டுடுவியளோ?”

இசபெல்லுக்கு மனம் இளகிவிட்டது. என்ன இருந்தாலும் இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியம்!

“திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டுபோவம் ஆன்ரி. பெயில் கிடைச்சா அங்கிள் கலியாணத்துக்கு...”

“ஐயோ, அந்தாளை நீங்களே வைச்சிருங்கோ!” பதறினாள் தவநாயகி. “நான் கேட்டது குத்தினவரை இல்லை பிள்ளை... குத்து வாங்கினவரை!”